எஃப் ஏழும் நூர்ஜகானும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பி, "அக்கா, நல்லா ஓடுது. சும்மா ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். பார்த்தேன். ஓடத்தான் செய்கிறது. ஓடுவதெல்லாம் சரியாகிவிடாது தம்பி என்று பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. கட்டைவிரலால் அவ்வளவு அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும், அது போதும்.

என்னைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையம்பட்டியில் சேவுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற உங்கள் ஆபீசில், ஜன்னலோர மேஜை என்னுடையதாக இருந்தது. புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சுக்கு ஏற்றபடி குறி போட்டுக் கொடுக்கிற வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது. பிழை பார்ப்பது என் பொறுப்பு. போன தையில் ஓய்வு பெற்றேன். கோபக்காரி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை.

அந்த ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். நாம் அடித்துத் திருத்துகிற எடிட்டரில் நீங்கள் ஒரு கீயை அமுக்குகிறீர்கள், பின்னால் ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கென்று எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, ஓடுகிறது. அந்த ஃபங்ஷனுக்குக் கண் கிடையாது. எந்தக் கீ தன்னை எழுப்பியது, எந்த வரிகளை எடுத்து வைத்திருக்கிறீர்கள், எதற்காக என்று ஒன்றும் அதற்குத் தெரியாது. தெரியப்படுத்த இரண்டு வழி உண்டு. கூப்பிடும்போதே விவரத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம். இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் விவரத்தைப் போட்டுவிட்டு, அது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். இரண்டாவது வழி சுலபமாக இருக்கும். ஆளைக் கடைக்கு அனுப்பும்போது "துவரம்பருப்பு அரைக்கிலோ" என்று சொல்லாமல், "போன தடவ வாங்குனதையே வாங்கிட்டு வா" என்று சொல்வது போன்றது அது. போன தடவை வாங்கியது யார், என்ன என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

அப்படிப் பொதுவில் போட்டு வைத்த ஒரே ஒரு விவரத்தால் நம் ஆபீசில் ஒருத்தியின் பிழைப்பு போகப் பார்த்தது. நூர்ஜகானைத்தான் சொல்கிறேன். உங்களுக்கெல்லாம் அவரை நன்றாகத் தெரியும். நீங்கள் எழுதுகிற ஷார்ட்கட்டை எல்லாம் திருப்பி அனுப்பி உங்களை அழவைக்கிறவர் அவர்தான். அப்போது அவர் புதுசு, வாய் திறந்து பேச மாட்டாள். இனிமேல் அவள் இவள் என்றே எழுதுகிறேன், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நூர்ஜகானுக்கு ஊர் வீரசோழன். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் குளிப்பாட்டி, கை காலை நீட்டி மடக்கிப் பழக்கி, சோறு ஊட்டி முடித்து, தங்கச்சி காலைக் காலேஜ் விட்டு வந்த பிறகுதான் அவளால் பஸ் ஏற முடியும். அரை நாள் வேலை தருகிற இடம் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மில்லில் கிடையாது, துணிக்கடையில் கிடையாது. நம் ஆபீசில் இருந்தது. அந்த அரை நாள் சம்பளத்தில்தான் அவள் அத்தாவின் மருந்து ஓடியது.

அவளுக்கு வேலை கிடைத்ததே ஸ்டெல்லாவால்தான். ஸ்டெல்லா திருச்சுழிக்காரி, ஆபீசிலேயே ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த ஒரே ஆள். அவள் பையன் அப்போது எல்கேஜி. மதியத்துக்கு மேல் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அவள் சொல்ல, நம் முதலாளி அண்ணாச்சி ஒரே நாற்காலியை இரண்டு பேருக்குப் பங்கு போட்டார். காலையில் ஸ்டெல்லா, மதியத்துக்கு மேல் நூர்ஜகான், கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் கிழடு. எடிட்டரை மூடித் திறந்தால், தமிழ் எழுத்துக்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு அது எழுந்து வருவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் நாற்காலி மாறுகிறவர்கள் எடிட்டரை மூடாமல், அடுத்தவர் வேலையைத் தொடங்க வேண்டிய இடத்தில் கர்சரை வைத்துவிட்டுப் போவது ஆபீஸ் வழக்கமாகவே ஆகியிருந்தது. மூடிவிட்டுப் போனால், "என்ன, வீட்ல சண்டையா?" என்று கேட்பார்கள். மூடாமல் விட்டுப் போவது ஒரு மரியாதை.

அப்போது வந்திருந்த வேலை ஒரு மருத்துவ அறக்கட்டளையுடையது. கிராமத்து நர்சுகள் பையில் வைத்துக்கொள்ள, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. முதலில் பெரியவர்களுக்கு மருந்தளவு, பச்சைக் கட்டத்தில். கடைசியில் குழந்தைகளுக்கு மருந்தளவு, மஞ்சள் கட்டத்தில். நாம் அந்தந்தப் பகுதிக்குப் பெரியவர் குறியோ குழந்தைக் குறியோ போட்டால், அச்சில் தலைப்பும் நிறமும் தானாக வந்துவிடும். வாசிக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் குறிகள் திரையில் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தோம்.

ஸ்டெல்லா இதற்கு இரண்டு கீ அமைத்தாள். எஃப் ஆறு குழந்தைக்கு, எஃப் ஏழு பெரியவருக்கு. வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கீயை அமுக்கினால் குறி விழும். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, இப்போதும்தான். கையால் போட்டால் அரை நாள் ஆகிற வேலையை அவள் ஒரு டீ நேரத்துக்குள் அடக்கிவிட்டாள்.

உள்ளே அவள் எழுதியிருந்தது இப்படி. எஃப் ஆறை அமுக்கினால், பொதுவான ஓர் இடத்தில் "குழந்தை" என்று எழுதி வைத்துவிட்டு ஃபங்ஷனைக் கூப்பிடும். எஃப் ஏழு ஒன்றும் எழுதாது, சும்மா கூப்பிடும். ஃபங்ஷன் வந்து அந்தப் பொது இடத்தைப் பார்க்கும். எழுதியிருந்தால் குழந்தை, காலியாக இருந்தால் பெரியவர். பெரியவர் பகுதிதானே முதலில் வருகிறது, அதற்கு எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். எழுதியதை அழிக்கவும் இல்லை. எடிட்டரை மூடும்போது தானாகப் போய்விடும்.

இது பல நாள் ஒழுங்காக ஓடியது. காலையில் ஸ்டெல்லா ஒரு புத்தகத்தைத் தொடங்குவாள், மதியத்துக்கு மேல் நூர்ஜகான் வந்து அதன் கடைசிப் பகுதியை முடிப்பாள், சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவாள். மறுநாள் புது எடிட்டர், புதுப் புத்தகம்.

ஒரு நாள் வந்த புத்தகம் மிகச் சின்னது. ஸ்டெல்லா தன் பங்கிலேயே அதைக் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டாள். நூர்ஜகான் வந்து காத்திருக்கக் கூடாது என்று அடுத்த புத்தகமான காய்ச்சல் புத்தகத்தையும் அதே எடிட்டரில் திறந்து, கர்சரை முதல் வரியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நூர்ஜகான் வந்தாள், உட்கார்ந்தாள், பெரியவர் பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப் ஏழை அமுக்கினாள். என்ன விழுந்திருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

சில நாள் கழித்து ஒரு முற்பகலில் சென்னையிலிருந்து போன். அறக்கட்டளையில் பதிப்பு வேலையைப் பார்க்கிற அம்மா பேசினார். நல்ல மனுஷி, அதுவரை சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார். வைத்த பிறகும் உட்காரவில்லை.

"வள்ளி, காய்ச்சல் புத்தகத்துல பெரியாளு டோஸு பிள்ளைகளுக்குன்னு வந்துருக்காம். மஞ்சக் கட்டத்துல. புரூஃப்லயே பாத்துட்டாக, தப்பிச்சோம். அச்சாயிருந்தா?"

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குப் பெரிய ஆள் அளவு மருந்து.

"யாரு போட்டதோ அவுகள இன்னிக்கே இந்த வேலைல இருந்து மாத்தணுமாம். மதியத்துக்கு மேல போன் பண்ணுவாக. இல்லாட்டி மிச்சப் புத்தகம் பூராம் வேற எடத்துக்குப் போயிரும்னுட்டாக."

யார் போட்டது என்று பார்க்கக் கஷ்டமே இல்லை. ஃபைல் எந்த நேரத்தில் சேமிக்கப்பட்டது என்று எடிட்டரே சொன்னது. நூர்ஜகானின் நேரம். அண்ணாச்சி கெட்டவர் கிடையாது. அவர் நியாயமாகவே நடக்கப் பார்த்தார். "கீயில எதும் கோளாறு இருக்கான்னு பாரும்மா" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். ஸ்டெல்லா எடிட்டரைத் திறந்து எஃப் ஏழை அமுக்கினாள். பெரியவர் என்று சரியாக விழுந்தது. மூடினாள், திறந்தாள், எஃப் ஆறு. குழந்தை என்று விழுந்தது. மூடினாள், மறுபடி எஃப் ஏழு. பெரியவர்தான். திரும்பத் திரும்பப் பார்த்தும் கீ ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதிலேயே அவளுடைய மதிய பஸ் போய்விட்டது.

நூர்ஜகான் படியேறி வந்தபோது எல்லாருடைய முகமும் முன்கூட்டியே அவளுக்குத் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். அவள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் எஃப் ஏழுதேன் அமுக்குனேன் அண்ணாச்சி."

"கை தவறியிருக்கும்மா. பக்கத்துப் பக்கத்துக் கீ. அத்தாவுக்கு முடியல, ஒனக்கும் அலுப்பு. யாருக்கும் வாரதுதான்."

"ஒரு தடவன்னா கை தவறும். அம்புட்டுக் கட்டத்துலயுமா தவறும்?"

அண்ணாச்சி மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இப்போதைக்கு வீட்ல இரும்மா. வேற வேலை எதும் வந்தா நானே சொல்லி அனுப்புறேன்" என்றார். இந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நூர்ஜகானுக்கும் தெரிந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது. கை தவறியிருந்தால் ஒன்று தவறும், இரண்டு தவறும். ஒரு பகுதி முழுக்க ஒரே மாதிரி தப்பு விழுந்தால் அது கையின் தப்பு இல்லை. ஆனால் கீயும் சரியாக இருக்கிறதே. பிழை பார்க்கிற வேலையில் இப்படி இரண்டு பக்கமும் சரியாகத் தெரியும்போது, இரண்டுக்கும் முன்னால் என்ன இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும். கீழே எண்ணெய் காய்கிற வாடை வேறு. அண்ணாச்சி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்பது போல.

"ஏ நூரு, நில்லு. அன்னிக்கு நீ வந்து உக்காந்தப்ப முன்னால என்ன இருந்துச்சு?"

"காய்ச்சப் புத்தகம் இருந்துச்சுக்கா. ஸ்டெல்லாக்கா தொறந்து வச்சிருந்தாக. மொத வரியில கர்சரு."

"நீ தொறக்கலயா?"

"இல்லக்கா. அவுக முந்துன புத்தகத்த முடிச்சுட்டு, அதுலயே இதயும் தொறந்து வச்சிட்டுப் போயிருந்தாக. நான் வந்து ஒக்காந்து எஃப் ஏழு அமுக்குனேன், அம்புட்டுத்தேன்."

நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. உடனே எடிட்டரைத் திறந்தாள். எஃப் ஆறை அமுக்கினாள். இந்தத் தடவை மூடவில்லை. காய்ச்சல் புத்தகத்தின் பழைய நகலை அதே எடிட்டரில் திறந்து, பெரியவர் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எஃப் ஏழை அமுக்கி, மறைத்து வைத்திருந்த குறியைக் காட்டும்படி செய்தாள்.

குழந்தை என்று இருந்தது.

"நான்தேன்," என்றாள் ஸ்டெல்லா. "கீ இல்ல, நூரும் இல்ல. நான் எழுதுனதுதேன்."

பிள்ளைகளா, இதைக் கவனியுங்கள். ஸ்டெல்லா காலையில் செய்தது அசட்டைச் சோதனை இல்லை. மனசறிந்து ஒழுங்காகத்தான் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்து பார்த்தாள், அது அவள் கைப்பழக்கம். புதிதாகத் திறந்த எடிட்டரில் பொது இடம் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருக்கும். நூர்ஜகான் உட்கார்ந்தது அந்த எடிட்டரில் இல்லை. இன்னொருத்தி காலையெல்லாம் வேலை பார்த்து, அவள் கடைசியாகச் சொன்னதை இன்னும் வைத்துக்கொண்டிருந்த எடிட்டரில் உட்கார்ந்தாள். அதுவும், காத்திருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் திறந்து வைக்கப்பட்டது.

அண்ணாச்சி உடனே வேறு கணக்குப் போட ஆரம்பித்தார். "சரி, கண்டுபிடிச்சாச்சு. அந்தம்மாட்ட கைத்தவறுன்னு சொல்லி முடிச்சிருவோம். மிஷின் மேலயே கோளாறுன்னா, இதுவரைக்கும் அனுப்புன புத்தகம் பூராத்தையும் சந்தேகப்படுவாக."

"படணும்ல?" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று. "நர்சம்மா அதப் பாத்துத்தான மருந்து கொடுக்கப் போறாக? ஒங்க வீட்டுப் பிள்ளைக்குன்னா இப்பிடிப் பேசுவீகளா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார். அந்தப் பக்கம் முதல் வார்த்தையே, "ஆளை மாத்தியாச்சா?" என்பதுதான்.

ஸ்டெல்லா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசினாள்.

"மேடம், என் பேரு ஸ்டெல்லா. அந்த ஸ்கிரிப்ட் எழுதுனது நான். உக்காந்து வேலை பாத்தவுக சரியான கீயத்தான் அமுக்கியிருக்காக. முந்துன புத்தகத்துல இருந்த விவரம் என் ஸ்கிரிப்ட்ல அழியாம நின்னு, இதுல விழுந்துருச்சு."

அந்த அம்மா உடனே கேட்டார். "அப்போ இதுக்கு முன்னாடி வந்த புத்தகங்கள்லயும் இருக்கலாமா?"

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கலாம் மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "எல்லாத்தையும் திரும்பப் பாத்துட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் எதையும் அச்சுக்கு அனுப்பாதீங்க."

அந்த அம்மாவின் குரல் தணிந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு கம்ப்யூட்டரை ரெண்டு பேர் மாத்தி மாத்தி யூஸ் பண்றதாலதானே இது? இனிமே எங்க வேலைக்கு ஒரே ஆள் உட்காரட்டும்."

போன தடவை நூர்ஜகானை அனுப்பச் சொன்னது தெரியாமல். இந்தத் தடவை எல்லாம் தெரிந்த பிறகு, அதே இடத்துக்கே வந்து நின்றது. ஒரே ஆள் என்றால் ஸ்டெல்லாதான் இருப்பாள். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க அண்ணாச்சிக்கு அப்போது வக்கில்லை. நூர்ஜகான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை, போனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, நான் இங்க பிழை பாக்குறவ. ஆள் மாறுனதுனால தப்பு வரல. நாளைக்கு ஒரே ஆளு நாள் முழுக்க உக்காந்து, ஒரு புத்தகத்த முடிச்ச கையோட மூடாம அடுத்ததத் தொறந்தாலும் இதே தப்பு வரும். அப்ப அது யார் கண்ணுலயும் படாது. ஆளக் கொறச்சா தப்பு மறைஞ்சுக்கும், போகாது. ஸ்கிரிப்டத் திருத்தணும். திருத்திட்டு எல்லாப் புத்தகத்தையும் பாத்து அனுப்புறோம். அதுக்கு எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

அவர் யோசித்தார். "சரி. எல்லாத்தையும் பாத்து அனுப்புங்க. நான் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அன்றே ஸ்டெல்லா ஃபங்ஷனை மாற்றி எழுதினாள். பொது இடம் போயிற்று. எஃப் ஆறு, "குழந்தை" என்று கையில் கொடுத்துக் கூப்பிடும். எஃப் ஏழு, "பெரியவர்" என்று கையில் கொடுத்துக் கூப்பிடும். ஒன்றும் கொடுக்காமல் கூப்பிட்டால் ஃபங்ஷன் எதையும் தொடாது. 'சொல்லாவிட்டால் பெரியவர்' என்ற பேச்சே கிடையாது. உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஃபங்ஷனுக்குத் தேவையானதைக் கூப்பிடும்போதே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது ஊகிக்கக் கூடாது, நிற்க வேண்டும்.

அனுப்பிய புத்தகங்களை எல்லாம் மூன்று பேரும் வரிவரியாகப் பார்த்தோம். ஸ்டெல்லா பையனை அவள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் தப்பில்லை. சென்னை அம்மா பார்த்துவிட்டு, வேலை தொடரட்டும், ஆட்களைப் பற்றி இனி கேட்க மாட்டேன் என்றார். நூர்ஜகானின் நாற்காலி நிலைத்தது.

இத்தோடு முடிந்தது என்று அண்ணாச்சி நினைத்தார். நான்கூட அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நூர்ஜகான் அதற்கப்புறம் கீயைத் தொடவில்லை. குறிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக அடித்தாள். சாயங்காலம் பார்த்தால் வேலை பாதிகூட நகர்ந்திருக்காது. அண்ணாச்சி என்னிடம் வந்து, "என்ன வள்ளி, அந்தப் பிள்ளை இப்பிடி இழுக்குது? இப்பிடியே போனா எனக்குக் கட்டாதே" என்று முனக ஆரம்பித்தார். போனில் காப்பாற்றிய நாற்காலி மறுபடி ஆட ஆரம்பித்தது.

ஸ்டெல்லா ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏ நூரு, இப்பச் சரி பண்ணிட்டேன்ல? அமுக்கேன். இன்னமும் பயமா?"

"பயம் இல்லக்கா," என்றாள் நூர்ஜகான், திரையைப் பார்த்தபடியே. "அன்னிக்கு நீங்க கீயத் திருப்பித் திருப்பிச் சோதிச்சுப் பாத்தீக. என்னய ஒரு வார்த்த கேக்கல. வள்ளியக்கா கேட்டாக, அதுவும் கீயில ஒண்ணும் இல்லைன்னு ஆனப்புறந்தேன். கீ சொன்னா நம்புவீக. நான் சொன்னா அத்தாவுக்கு முடியல, அலுப்புன்றீக. நாளைக்கு அது இன்னொண்ணு செஞ்சா, மறுபடியும் நாந்தான நிக்கணும்? கையால அடிச்சா நான் போட்டதுக்கு நானே சாட்சி."

ஸ்டெல்லா எழுந்து போகவில்லை. நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள்.

"சரி. நீ என் ஸ்கிரிப்ட ஒடச்சுக் காட்டு. எப்பிடி வேணும்னாலும் அமுக்கு. நான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன்."

நூர்ஜகான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கேலி இல்லை என்று உறுதியான பிறகுதான் கையை வைத்தாள். எஃப் ஆறும் ஏழும் மாற்றி மாற்றி அமுக்கினாள், சரியாக விழுந்தது. பாதியில் விட்டாள், வேறு புத்தகத்துக்குப் போய் வந்தாள், எல்லாம் சரி. அப்புறம் கொஞ்சம் யோசித்து, எந்த வரியையும் தேர்ந்தெடுக்காமல் எஃப் ஏழை அமுக்கினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெல்லா சிரித்தாள். நூர்ஜகான் சிரிக்கவில்லை. பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போனாள். எங்கேயோ மேலே, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தேர்ந்தெடுத்த வரிகளில் போய் ஒரு புதுக் குறி விழுந்திருந்தது.

எடிட்டர் அப்படித்தான், பிள்ளைகளா. கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அது மறக்காது. இப்போது ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால், ஃபங்ஷன் அந்தப் பழைய இடத்தை எடுத்துக்கொள்ளும். பழைய விவரம் நிற்கிற இன்னொரு பொது இடம் அது. எந்தக் குறி என்று கொடுத்தோம், எந்த வரிகள் என்பதைக் கொடுக்க மறந்தோம்.

ஸ்டெல்லா திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நூர்ஜகானின் தோளில் கையைப் போட்டு, "ஏ சண்டாளி, இத எப்பிடிடீ யோசிச்ச?" என்றாள். இருந்த இடத்திலேயே ஸ்கிரிப்டைத் திருத்தினாள். தேர்வு செய்யாமல் அமுக்கினால் கீழே ஒரு வரி வரும்படி எழுதினாள். 'எந்த வரிகள் என்று சொல்லவில்லையே. சொல்லுங்கள், செய்கிறேன்.'

நூர்ஜகான் மறுபடி சும்மா அமுக்கினாள். அந்த வரி வந்தது. அதை வாய்விட்டு வாசித்தாள்.

"பரவால்லக்கா," என்றாள். "இதுவாச்சும் கேக்குது."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், அந்தப் போன் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் மேஜையில் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார். அப்புறம் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா," என்றார். "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

நடந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நூர்ஜகான் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வீரசோழனில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.